பொருள்நோக்குச் செய்நிரல் மொழிகள்: தெரிவு பற்றிய சில சிந்தனைகள்

கணினிச் செய்நிரல் மொழியொன்றை ஓரளவு பயின்று முடித்த மாணவர், அடுத்து எம்மொழியைப் பயில்வது என்னும் வினாவை எழுப்புதல் இயல்பு. அவருக்குக் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் ஒரே தன்மையன. எம்மொழி அறிந்தோர்க்கு வேலைவாய்ப்பு மிகுதி, எம்மொழியை எப்பெருநிறுவனம் கையாளுகின்றது, எம்மொழி இவ்வாண்டின் தரவரிசையில் முன்னிற்கின்றது என்பனவே அவ்விடைகளின் சாரமாகும். இவற்றைப் பொய்யெனக் கூற இயலாது. பட்டம் பெற்றும் தொழிலின்றி நிற்கும் நிலை நிலவும் சமூகத்தில் வயிற்றுப்பாடு பற்றிய கவலையை எள்ளி ஒதுக்குவது அறிவுடைமையும் ஆகாது. ஆயினும், சந்தை தன் தேவையை மட்டுமே கூறும். பயில்வோரின் சிந்தனை வளர்ச்சிக்கு யாது வேண்டும் என்பதனை அது கூறுவதில்லை. மேலும், சந்தையின் தேவை சில ஆண்டுகளுக்கொருமுறை மாறும் இயல்பினது. மாறாது நிற்பவை மொழிகளுக்கு அடிப்படையாக அமைந்த கருத்துக்களேயாகும்.

இன்று பெருவழக்கிலுள்ள செய்நிரல் மொழிகளுட் பல பொருள்நோக்கு மொழிகள் எனப்படும் தொகுதியைச் சார்ந்தவை. இத்தொகுதியிலிருந்து புதிய மொழியொன்றைத் தெரிந்தெடுக்கும்போது எவ்வெவ் வினாக்களை எழுப்புதல் தகும் என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கணினித்துறை சாராத வாசகரும் இவ்வாராய்வில் அக்கறை கொள்ளுதற்குக் காரணம் உண்டு. வங்கிக் கணக்கு, மருத்துவமனைப் பதிவேடு, ஊழியரின் வேலைநேரப் பட்டியல், வாக்காளர் இடாப்பு ஆகிய யாவும் இன்று எங்கேனும் ஒரு செய்நிரலினுள் வருணிக்கப்பட்டுள்ளன. மனிதரையும் அவர்தம் உழைப்பையும் வருணிக்கும் மொழி எத்தகையது என்பது கணினி வல்லுநருக்கு மட்டும் உரிய வினாவன்று.

1. பொருளும் வகுப்பும்

முதலில் கலைச்சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். பல்கலைக்கழக நூலகமொன்றின் இரவல் வழங்கற் பகுதியைக் கணினிமயப்படுத்துவதாகக் கொள்வோம். பழைய முறையில் எழுதப்படும் செய்நிரலில் தரவுகள் ஒருபுறமும் அவற்றின்மீது நிகழ்த்தப்படும் செயல்கள் மறுபுறமும் தனித்தனியே நிற்கும். நூல்களின் பட்டியல் ஒன்று, வாசகரின் பட்டியல் ஒன்று, இவற்றை வாசித்தும் திருத்தியும் செல்லும் கட்டளைகளின் நீண்ட தொடர் ஒன்று என அது அமையும். பட்டியலின் அமைப்பில் சிறு மாற்றம் செய்யினும் அதனைத் தொடும் கட்டளைகள் யாவற்றையும் தேடித் திருத்தவேண்டி நேரும்.

பொருள்நோக்கு முறையிலோ, தரவும் அதற்குரிய செயலும் ஓரலகாக இணைக்கப்படுகின்றன. இவ்வலகே ‘பொருள்’ எனப்படும். ஒரு நூல் என்னும் பொருள் தன் தலைப்பையும் ஆசிரியரையும் தான் இரவலிற் சென்றுள்ளதா என்பதனையும் தன்னகத்தே வைத்திருக்கும். ‘இரவல் கொடு’, ‘திரும்பப் பெறு’ என்னும் கோரிக்கைகளுக்குத் தானே விடையிறுக்கும். ஒத்த தன்மையுடைய பொருள்களுக்குரிய பொது அமைப்பு ‘வகுப்பு’ எனப்படும். வர்க்கம் என்னும் சொல்லுக்குச் சமூகவியலில் நிலைபெற்ற வேறு பொருள் இருத்தலால் ஈண்டு வகுப்பு என்னும் சொல்லையே கையாளுகின்றோம்.

இவற்றோடு மூன்று கருத்துக்கள் சேர்கின்றன. பொருளின் உள்ளமைப்பைப் பிறர் தொடாவண்ணம் காத்தல் உள்ளடக்கி மறைத்தல் எனப்படும். பொது வகுப்பொன்றின் தன்மைகளைச் சிறப்பு வகுப்பொன்று பெற்றுக்கொள்ளுதல் மரபுரிமை எனப்படும். ‘வாசகர்’ என்னும் பொது வகுப்பிலிருந்து ‘மாணவர்’, ‘விரிவுரையாளர்’ என்பன கிளைப்பதனை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். ஒரே கோரிக்கைக்கு வெவ்வேறு வகுப்புப் பொருள்கள் தத்தமக்குரியவாறு விடையிறுத்தல் பல்லுருவம் எனப்படும். ‘எத்தனை நாளுக்கு இரவல்?’ என வினவின் மாணவர்ப் பொருள் பதினான்கு என்றும் விரிவுரையாளர்ப் பொருள் தொண்ணூறு என்றும் கூறலாம். வினவும் செய்நிரற் பகுதி எதிரே நிற்பவர் யாவர் என அறியவேண்டுவதில்லை.

இக்கருத்துக்கள் ஏறத்தாழ எல்லாப் பொருள்நோக்கு மொழிகளுக்கும் பொதுவானவை. எனின், மொழிகள் வேறுபடுவது எங்ஙனம்? இதற்கு விடைகாண இக்கருத்துக்கள் தோன்றிய வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

2. ஒஸ்லோவில் தோன்றிய மொழி

பொருள்நோக்குச் செய்நிரலாக்கத்தின் பிறப்பிடம் அமெரிக்காவன்று. நோர்வேயின் தலைநகராகிய ஒஸ்லோவாகும். அங்கு நோர்வேக் கணிப்பு நிலையத்தில் கிறிஸ்டன் நிகார்ட், ஓலே யொஹான் டால் ஆகிய இருவரும் 1960களின் முற்பகுதியில் சிமுலா என்னும் மொழியை உருவாக்கத் தொடங்கினர். நிகார்ட் அதற்கு முன்னர் நோர்வேயின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் செயற்பாட்டாய்வுத் துறையிற் பணியாற்றியவர். துறைமுகத்தில் வந்துசேரும் கப்பல்கள், தொழிற்சாலையில் பொறிக்குப் பொறி நகரும் உற்பத்திப் பகுதிகள், வரிசையிற் காத்துநிற்கும் மக்கள் ஆகிய சிக்கலான தொகுதிகளைக் கணினியிற் போலச்செய்து ஆராய்வதற்குத் தகுந்த மொழியொன்று தேவைப்பட்டது. மொழியின் பெயரே போலச்செய்தலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்ததாகும்.

சுங்கம் அறவிடும் பாலமொன்றில் காரும் லொறியும் பேருந்தும் ஒரே வரிசையில் நிற்பதனை வருணிக்க முற்பட்டபோது, இவை யாவும் ‘வாகனம்’ என்னும் வகையில் ஒன்றுபட்டும் தத்தம் சிறப்பியல்பால் வேறுபட்டும் நிற்பதனை ஒருங்கே கூறுதற்கு வழி வேண்டப்பட்டது. அதற்குக் கண்ட தீர்வே வகுப்பும் உட்பிரிவு வகுப்பும் ஆகும். 1967இல் வெளிவந்த சிமுலா 67 இக்கருத்துக்களை முழுமையாகக் கொண்டிருந்தது. இப்பணிக்காக இருவருக்கும் 2001ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருது வழங்கப்பட்டது. இருவரும் 2002ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் சில வார இடைவெளியில் மறைந்தனர்.

இவ்வரலாற்றின் அடுத்த கட்டமே நம் கவனத்துக்கு மிக உரியது. சிமுலாவைக் கொண்டு தொழிற்சாலைகளின் வேலை ஒழுங்கை வருணித்தவர்கள் முகாமையாளரும் அவர்தம் ஆலோசகருமாவர். வருணிக்கப்பட்டவர்களோ தொழிலாளர். தமது வேலை எவ்வாறு வருணிக்கப்படுகின்றது, எந்த அளவுகோலால் அளக்கப்படுகின்றது என்பன அவர்களுக்குத் தெரிய வழியில்லை. வேலையை மேலும் ஒரேமாதிரியானதாக்கவும் தொழிற்றிறனின் மதிப்பைக் குறைக்கவும் தாம் ஆக்கிய கருவி உதவக்கூடும் என்பதனை நிகார்ட் உணர்ந்தார். 1970களின் முற்பகுதியில் நோர்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் இணைந்து, தொழிலாளர் தம் தொழிலகங்களிற் புகும் கணினித் தொகுதிகளைத் தாமே ஆராய்ந்து மதிப்பிடக் கற்கும் திட்டமொன்றை அவர் நடத்தினார். அதன் பயனாகத் தொழிலக மட்டத்தில் உடன்படிக்கைகள் எழுந்தன. 1975இல் நோர்வேயின் தொழிற்சங்கச் சம்மேளனத்துக்கும் தொழில்தருநர் சம்மேளனத்துக்குமிடையே கணினித் தொகுதிகள் பற்றிய தேசிய உடன்படிக்கை ஏற்பட்டது. தொழிலாளரைப் பாதிக்கும் தொகுதிகள் பற்றி அவர்க்கு விளங்கும் மொழியில் அறிவிக்கவேண்டும் என்னும் கோட்பாடு அங்ஙனம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இதனால் நாம் பெறும் தெளிவு யாது? பொருள்நோக்கு மொழி தொடக்கத்திலேயே உலகை வருணிக்கும் மொழியாகத் தோன்றியது. வருணனை எப்பொழுதும் யாரோ ஒருவரின் நிலையிலிருந்தே செய்யப்படும். எனவே புதிய மொழியைத் தெரிவோர் எழுப்பவேண்டிய முதல் வினா, இம்மொழி உலகை எவ்வாறு வருணிக்க இடமளிக்கின்றது என்பதாகும்.

3. இரு மரபுகள்

சிமுலாவின் பின் பொருள்நோக்குச் சிந்தனை இரு கிளைகளாகப் பிரிந்தது எனலாம்.

முதலாவது கிளை ஸ்மோல்டோக். கலிபோர்னியாவில் செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ரோ ஆராய்ச்சி நிலையத்தில் அலன் கே, டான் இங்கோல்ஸ், அடெல் கோல்ட்பேர்க் முதலியோர் 1970களில் இதனை உருவாக்கினர். சிறுவரும் கையாளத்தக்க தனியாட் கணினி என்னும் கனவு இம்முயற்சிக்குப் பின்னணியாய் அமைந்தது. ஸ்மோல்டோக்கில் யாவும் பொருளே. மூன்று என்னும் எண்ணும் ஒரு பொருள். அதனோடு நான்கைக் கூட்டுதல் என்பது மூன்றுக்கு ‘நான்கைக் கூட்டு’ என்னும் செய்தியை அனுப்புதலாகும். மெய், பொய் என்பனவும் பொருள்களே. நிபந்தனைக் கூற்றும் அவற்றுக்கு அனுப்பப்படும் செய்தியாகவே அமைகின்றது. பொருள்நோக்கு என்னும் தொடரை வழக்கிற் கொண்டுவந்த அலன் கே, பிற்காலத்தில் பொருள் என்னும் சொல் கவனத்தைத் திசைதிருப்பிவிட்டது என்றும் செய்தியே கருவான கருத்து என்றும் கருதினார். பொருள்கள் ஒன்றோடொன்று உரையாடும் சமூகமாகச் செய்நிரலைக் காண்பது இம்மரபு.

இரண்டாவது கிளை சி பிளஸ் பிளஸ். டென்மார்க்கைச் சேர்ந்த பியானே ஸ்ட்ரோஸ்ட்ரப் கேம்பிரிட்ஜிற் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தபோது சிமுலாவைப் பயன்படுத்தி அதன் ஒழுங்கமைப்பாற் கவரப்பட்டார். அதன் வேகக்குறைவால் இடர்ப்பட்டார். 1979இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில், விரைவுமிக்க சி மொழியோடு சிமுலாவின் வகுப்பை இணைக்கும் பணியைத் தொடங்கினார். 1983இல் அம்மொழி இன்றைய பெயரைப் பெற்றது. 1985இல் வணிக வெளியீடாக வந்தது. பயன்படுத்தாத வசதிக்குச் செய்நிரல் விலைகொடுத்தல் ஆகாது என்பது அதன் கோட்பாடு. இங்குப் பொருள் என்பது நினைவகத்தில் இடங்கொள்ளும் ஒழுங்கமைந்த ஓரலகு. அதன் தரவு வகை முன்னரே அறிவிக்கப்படும்; பிழைகளுட் பலவற்றைச் செய்நிரல் இயங்குமுன்னரே தொகுப்பி கண்டுரைக்கும்.

ஸ்மோல்டோக்கின் பொருள் தனக்கு விளங்காத செய்தியொன்று வரின் இயங்கும் வேளையிலேயே அதனை அறியும். சி பிளஸ் பிளஸ் அத்தகைய செய்தி எழுதப்படுவதையே தடுக்கும். முன்னது நெகிழ்ச்சியையும் பின்னது முன்னெச்சரிக்கையையும் போற்றுகின்றது. பிற்கால மொழிகளுட் பல இவ்விரு முனைகளுக்கும் இடையே எங்கேனும் நிற்பவை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் கோஸ்லிங் குழுவினர் ஆக்கி 1995இல் வெளியிட்ட ஜாவா, தோற்றத்தில் சி பிளஸ் பிளஸை ஒத்தது. நினைவகத்தைத் தானே துப்புரவு செய்துகொள்வதில் ஸ்மோல்டோக்கை ஒத்தது. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2000இல் அறிவித்த சி ஷார்ப் ஜாவாவுக்கு நெருங்கிய உறவினது. நெதர்லாந்தில் கைடோ வான் ரோசம் ஆக்கி 1991இல் வெளியிட்ட பைதனும், ஜப்பானில் யுகிஹிரோ மற்சுமொட்டோ ஆக்கி 1995இல் வெளியிட்ட ரூபியும் நெகிழ்ச்சி மரபைச் சார்வன. பேர்ட்ரண்ட் மேயர் 1980களின் நடுப்பகுதியில் ஆக்கிய ஐபல், ஒவ்வொரு செயலுக்கும் முன்நிபந்தனையும் பின்நிபந்தனையும் எழுதுவித்து, கோருவோர்க்கும் செய்வோர்க்கும் இடையே ஓர் ஒப்பந்தத்தை மொழியினுள்ளேயே அமைத்தது. வகுப்பே இல்லாது, முன்மாதிரிப் பொருளொன்றிலிருந்து பிற பொருள்களை ஆக்கும் செல்ப் என்னும் மொழியும் தோன்றியது. 1995இல் வெளிவந்த ஜாவாஸ்கிரிப்ட் இவ்வகையிற் செல்பின் வழிவந்ததாகும். பெயரிற் கண்ட ஒற்றுமையால் அதனை ஜாவாவின் கிளையெனக் கருதுதல் தவறாம்.

4. மரபுரிமையின் எல்லை

மரபுரிமைக் கருத்து தமிழ் வாசகருக்குப் புதியதன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாக நிரல்படுத்துகின்றது. ஒவ்வொரு படியிலுள்ள உயிரும் தனக்கு முந்திய படியின் அறிவுகளையெல்லாம் பெற்று, அவற்றோடு மேலும் ஓரறிவைக் கூடுதலாகக் கொண்டுள்ளது. மரபுரிமையை விளக்க இதனினும் எளிய உதாரணம் கிடைத்தல் அரிது. இதனைக் கொண்டு தொல்காப்பியர் கணினி மொழியை முன்னுணர்ந்தார் எனக் கூறுதல் நகைப்புக்கிடமாகும். வகைப்படுத்தல் மனித சிந்தனையின் பொது இயல்பு என்பதே இதனாற் பெறப்படுவது.

வகைப்படுத்தலின் இடர்களும் பொதுவானவை. நமது நூலக உதாரணத்துக்கு மீள்வோம். வாசகர் என்னும் வகுப்பை மாணவர், விரிவுரையாளர் எனப் பிரித்தோம். முதுமாணிப் பட்டத்துக்குப் பயின்றுகொண்டே உதவி விரிவுரையாளராகவும் பணியாற்றும் ஒருவர் வருகின்றார். அவர் எவ்வகுப்பைச் சார்ந்தவர்? இரண்டையும் சேர்த்து மூன்றாம் வகுப்பொன்றை ஆக்கலாம். பின்னர்ப் பகுதிநேர ஊழியராகவும் மாணவராகவும் உள்ளவர் வருவார். நான்காம் வகுப்பு வேண்டும். வகுப்புக்கள் பெருகும், ஒழுங்கு குலையும். மாணவர் பட்டம்பெற்று விரிவுரையாளராகும்போது இடர் மேலும் கூர்மையடையும். ஜாவா, சி பிளஸ் பிளஸ் போன்ற மொழிகளில் ஒரு பொருளின் வகுப்பு அது தோன்றும்போதே நிர்ணயமாகிவிடும். பின்னர் மாற இயலாது. பிறப்பால் வகுப்பு நிர்ணயமாகும் இவ்வமைப்பு எத்தகைய சிக்கல்களைத் தோற்றுவிக்கும் என்பதனை நம் சமூகத்தில் வாழ்வோர்க்கு விரித்துரைக்கவேண்டுவதில்லை.

இதற்குரிய தீர்வு செய்நிரலாளரிடையே நெடுங்காலமாக அறியப்பட்டுள்ளது. ஆள் என்பது ஒரு பொருளாகவும், அவர் வகிக்கும் பாத்திரம் வேறொரு பொருளாகவும் அமைதல் வேண்டும். ஒருவர் ஒரே வேளையில் இரு பாத்திரங்களை வகிக்கலாம். ஒன்றைத் துறந்து மற்றொன்றை ஏற்கலாம். இரவற்காலம் பாத்திரத்தைச் சார்ந்தது. பெயரும் முகவரியும் ஆளைச் சார்ந்தன. மரபுரிமையினும் பொருள்களைச் சேர்த்தமைத்தலே விரும்பத்தக்கது என்னும் இக்கோட்பாட்டை, வடிவமைப்புக் கோலங்கள் பற்றி எரிக் காமா முதலிய நால்வர் 1994இல் வெளியிட்ட நூல் வலியுறுத்தியது. 2009இல் அறிவிக்கப்பட்ட கோ, 2015இல் நிலையான முதற் பதிப்பைப் பெற்ற ரஸ்ட் ஆகிய மொழிகள் வகுப்புவழி மரபுரிமையை முற்றாகவே கைவிட்டன. ஆகவே புதிய மொழியை ஆராய்வோர், ‘இதில் மரபுரிமை உண்டா?’ என்பதோடு நில்லாது, ‘மாறும் மனிதரை மாறுபவராகவே வருணிக்க இம்மொழியில் எத்துணை எளிது?’ எனவும் வினவுதல் வேண்டும்.

5. மொழியின் உடைமை யாருக்கு?

இயற்கை மொழிக்கு உரிமையாளர் இலர். செய்நிரல் மொழிக்கோ உரிமையாளர் இருத்தல் கூடும். ஜாவாவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். சன் நிறுவனம் 2006இல் ஜாவாவைத் திறந்த மூல உரிமத்தின் கீழ் வெளியிட முன்வந்தது. 2010இல் அந்நிறுவனத்தை ஒரக்கிள் நிறுவனம் வாங்கியது. அதே ஆண்டில் கூகுள் மீது வழக்குத் தொடுத்தது. கூகுள் தன் கைபேசித் தொகுதியில் ஜாவா நூலகங்களின் அறிவிப்பு வரிகளுள் ஏறத்தாழ 11,500ஐப் பிரதிசெய்திருந்தமையே வழக்கின் பொருள். பத்தாண்டுக்கு மேல் நீடித்த வழக்கில், 2021 ஏப்பிரலில் அமெரிக்க உயர் நீதிமன்றம் அது நியாயமான பயன்பாடே எனக் கூகுளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. எனினும் அத்தகைய அறிவிப்புக்களுக்குப் பதிப்புரிமை உண்டா என்னும் அடிப்படை வினாவை நீதிமன்றம் தீர்க்காது விட்டது. இரு பெருநிறுவனங்களின் பிணக்கு எனினும், ஒரு மொழியின் சொற்களைப் பிறர் கையாளலாமா என்பதே அங்கு வழக்காடப்பட்டது என்பதனை மனங்கொளல் வேண்டும். ஜாவாவின் திறந்த மூலப் பதிப்பு இன்றும் யாவருக்கும் கிடைப்பதால் மாணவர் அஞ்சவேண்டுவதில்லை. ஆனால் எப்பதிப்பை எவ்வுரிமத்தின் கீழ்ப் பெறுகின்றோம் என வாசித்தறிதல் கடமையாகும்.

பைதனின் ஆட்சிமுறை வேறுவகையினது. அதன் ஆக்குநர் 2018இல் இறுதி முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து விலகியபின், அதனை வளர்ப்போரால் தெரிவுசெய்யப்படும் ஐவர் கொண்ட குழு அப்பொறுப்பை ஏற்றது. சி பிளஸ் பிளஸ் 1998 முதல் சர்வதேச நியமமாக உள்ளது.

மொழியாக்கம் செல்வந்த நாடுகளுக்கும் ஆங்கிலச் சூழலுக்கும் மட்டும் உரியதன்று என்பதனையும் குறிப்பிடல் தகும். ரூபி தொடக்க ஆண்டுகளில் பெரிதும் ஜப்பானிய மொழியிலேயே பேசி வளர்க்கப்பட்டது. பிரேசில் நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய சூழலின் பின்னணியில், ரியோ நகரக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993இல் தோன்றிய லூவா இன்று உலகெங்கும் வழங்குகின்றது. அது முழுமையான பொருள்நோக்கு மொழியன்றாயினும் பொருளை ஆக்கும் கருவிகளை வழங்குவது. இலங்கையிலே டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தினர் 2017இல் வெளியிட்ட பலெரீனா, வலையமைப்பில் ஒன்றோடொன்று தொடர்புறும் சேவைகளை எழுதுதற்கென அமைந்த திறந்த மூல மொழியாகும். மொழியைப் பயில்வோர் மட்டுமன்றி ஆக்குவோரும் நம்மிடையே தோன்றலாம் என்பதற்கு இது சான்று.

6. தமிழ் எழுத்தை எண்ணுதல்

புதிய மொழியொன்றைச் சோதிக்க நாம் ஓர் எளிய வழியை முன்வைக்கலாம். ‘தமிழ்’ என்னும் சொல்லை அம்மொழியில் ஒரு சரமாக எழுதி, அதன் நீளம் யாது என அப்பொருளையே வினவுக. தமிழ் கற்கத் தொடங்கிய சிறுவரும் மூன்று எழுத்து என்பர். கணினியின் விடை மொழிக்கு மொழி வேறுபடும்.

சி பிளஸ் பிளஸின் வழமையான சரம் 15 என்னும். யூனிகோட் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் வேண்டியிருத்தலால், பரவலாக வழங்கும் யூ.டி.எப்.8 குறியீட்டில் அச்சொல் பதினைந்து பைட்டுகளாகச் சேமிக்கப்படுகின்றது. பைதனும் ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் 5 என்னும். தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறிகள் உள்ளமையே காரணம். அப்பிள் நிறுவனம் 2014இல் வெளியிட்டு 2015இல் திறந்த மூலமாக்கிய ஸ்விப்ட் 3 என்னும். வாசகர் ஓரெழுத்தாகக் காணும் அலகையே அது எழுத்தெனக் கொள்ளுகின்றது. பைதன், ஜாவா முதலியவற்றிலும் தகுந்த துணை நூலகங்களைக் கொண்டு மூன்று என்னும் விடையைப் பெறலாம். ஆனால் கேளாமலே கிடைக்கும் விடை அதுவன்று.

மூன்று விடைகளுள் எதுவும் பிழையன்று. ஒன்று நினைவகத்தை எண்ணுகின்றது. ஒன்று குறியீட்டட்டவணையை எண்ணுகின்றது. ஒன்று வாசகரின் எழுத்தை எண்ணுகின்றது. யாருடைய நிலையிலிருந்து உலகு வருணிக்கப்படுகின்றது என நாம் முன்னர் எழுப்பிய வினா இங்கு ஓரெழுத்தின் அளவில் மீண்டும் தோன்றுகின்றது. நடைமுறை விளைவும் சிறிதன்று. நூலகப் பட்டியலை வெறும் குறியீட்டெண்ணின்படி அகரவரிசைப்படுத்தின் னகரம் நகரத்தை அடுத்தும் றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கும். தமிழ் நெடுங்கணக்கு அறிந்த வாசகர் தேடும் இடத்தில் நூல் கிடைக்காது. தமிழ் வரிசையை அறிந்த ஒப்பீட்டு முறையைச் செய்நிரலாளர் தெரிந்து கையாளுதல் வேண்டும்.

பைதன் 3, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், ஸ்விப்ட் முதலியவற்றில் வகுப்புக்கும் பொருளுக்கும் தமிழிலேயே பெயரிடலாம் என்பதும் குறிப்பிடத்தக்கது. மொழியின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலமாகவே நிற்கும். எனினும் ‘வாசகர்’, ‘இரவல்’ எனப் பெயரிட்டு எழுதப்படும் பயிற்சி, கருத்தைத் தாய்மொழியிற் பற்றிக்கொள்ள மாணவர்க்குப் பேருதவியாகும்.

7. தெரிவு

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம்.

முதன்முதலாகப் பொருள்நோக்கு முறையைப் பயில்வோர்க்குப் பைதன் தகும். எழுதுமுறை எளிது, உரிமம் கட்டற்றது, தமிழ்ப் பெயர்களுக்கு இடமுண்டு. பொருளின் உள்ளமைப்பை மறைத்தல் அங்கு வழக்காற்றாற் பேணப்படுவதேயன்றி மொழியாற் கட்டாயப்படுத்தப்படுவதில்லை என்பதனை மட்டும் ஆசிரியர் எடுத்துரைத்தல் வேண்டும்.

பைதனை அறிந்தோர், தரவு வகைகளை முன்னறிவித்து எழுதும் ஒழுங்கைப் பயில ஜாவாவையோ சி ஷார்ப்பையோ நாடலாம். பலர் கூடி எழுதும் பெருஞ் செய்நிரலில் அவ்வொழுங்கின் பயன் புலப்படும். நினைவகம், வேகம் ஆகியவற்றின் உண்மை விலையை அறிய விழைவோர் சி பிளஸ் பிளஸைப் பயில்க. அது நெடுங்கால உழைப்பை வேண்டும்.

ஜாவா அறிந்தவர் அடுத்துச் சி ஷார்ப்பைப் பயிலுதல் வேலைக்கு உதவும். சிந்தனையை அதிகம் விரிக்காது. அவருக்கு நாம் பரிந்துரைப்பது ஸ்மோல்டோக் ஆகும். 2008 முதல் வளர்க்கப்பட்டுவரும் பாரோ என்னும் திறந்த மூலப் பதிப்பு இலவசமாகக் கிடைக்கின்றது. அதில் வேலை கிடைத்தல் அரிது. ஆயினும் யாவும் பொருள், யாவும் செய்தி என்னும் கொள்கை முரணின்றி நிறைவேற்றப்பட்ட உலகில் சில வாரங்கள் பழகியவர் தமது பழைய மொழிக்கு மீளும்போது அதனைப் புதிய கண்ணோடு காண்பர். இரண்டாவது மொழியை முதலாவதனோடு உள்ள ஒற்றுமைக்காகத் தெரியாது, வேற்றுமைக்காகத் தெரிதல் வேண்டும் என்பதே நம் முடிவின் சாரம்.

எம்மொழியைத் தெரியினும் ஒரு சிறு சோதனையைச் செய்து பார்த்தல் நன்று. முற்கூறிய நூலகத்தை அம்மொழியில் எழுதுக. பின்னர் மூன்று மாற்றங்களைப் புகுத்துக: புதியவகை வாசகரொருவரைச் சேர்த்தல், ஒருவருக்கே இரு பாத்திரம் அளித்தல், தமிழ் நூற்பெயர்களை நெடுங்கணக்கின்படி வரிசைப்படுத்தல். இம்மூன்றையும் செய்ய எழுதப்பட்டதில் எவ்வளவைக் குலைக்க நேர்ந்தது என்பது, எத்தரவரிசைப் பட்டியலும் கூறாத உண்மையைக் கூறும்.

செய்நிரலைப் பொறியே எழுதித்தரும் காலத்தில் மொழி பயிலல் எதற்கு என்னும் ஐயம் இன்று எழுப்பப்படுகின்றது. எழுதும் உழைப்பு குறையலாம். எழுதப்பட்டதை வாசித்து, அது யாரை எவ்வாறு வகைப்படுத்துகின்றது, எதனை எண்ணுகின்றது, எதனை எண்ணாது விடுகின்றது எனத் தீர்மானிக்கும் பொறுப்பு குறையாது. பொறி எழுதும் செய்நிரல் பெருகப் பெருக அப்பொறுப்பு மிகும். நோர்வேயின் உலோகத் தொழிலாளர் அரை நூற்றாண்டுக்கு முன் சங்கம் வாயிலாகக் கோரிய உரிமை, தம்மை வருணிக்கும் மொழியைத் தாமும் விளங்கிக்கொள்ளும் உரிமையே. அவர்கள் யாவரும் செய்நிரலாளராக விரும்பினார் அல்லர். தம் வேலையைப் பற்றி எழுதப்பட்டதை வாசிக்கவும் மறுத்துரைக்கவும் விரும்பினர். நம் பல்கலைக்கழகங்களிற் செய்நிரல் மொழி பயிற்றுவோரும் பயில்வோரும் இவ்வுரிமையைக் கருத்திற் கொண்டு தம் தெரிவைச் செய்வாராயின், அத்தெரிவு எம்மொழியாயினும் பயனுடையதாகும்.